விழுந்த சராசரியும் ஆயுதக்கூடப் பொறியாளர்களும்

1983 ஏப்ரல் 26. வெள்ளை மாளிகையில் ரொனால்ட் ரீகனிடம் ஒரு மெல்லிய அறிக்கை கொடுக்கப்படுகிறது. தலைப்பு ‘ஆபத்தில் ஒரு தேசம்’. பள்ளிக்கூடங்களைப் பற்றிய அறிக்கைதான், ஆனால் வாசித்தால் பாதுகாப்பு அமைச்சில் எழுதியதோ என்று சந்தேகம் வரும். எதிரி நாடு, போர், ஆயுதக் குறைப்பு என்று சொற்கள் வந்து விழுகின்றன. அமெரிக்கக் கல்வியின் தரம் சரிந்துகொண்டே போகிறது, இப்படியே விட்டால் ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் நம்மை மிதித்துக்கொண்டு முன்னே போய்விடுவான் என்பது சாரம்.

அன்றைய விழாவிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. நன்றி சொல்ல எழுந்த ரீகன் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிச்சலுகை, பள்ளியில் பிரார்த்தனை, மத்தியக் கல்வித்துறையை இழுத்து மூடுவது என்று பேசிக்கொண்டே போனார். இவை எதையும் அறிக்கை பரிந்துரைக்கவில்லை. அதைத் தயாரித்த ஆணையத்தை 1981இல் அமைத்தவர் கல்விச் செயலாளர் டெரல் பெல். அவர் துறையையே மூடப்போவதாக அவருடைய அதிபர் அவர் முன்னிலையிலேயே பேசுகிறார். பெல் அப்படிப்பட்ட ஓர் ஆணையத்தைக் கூட்டியதே, 1957இல் ஸ்புட்னிக் கொடுத்த அதிர்ச்சி மாதிரி ஒன்று கொடுத்தால்தான் நாடு பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பும் என்று நினைத்ததால்தான். திரும்பியது. பத்திரிகைகள் கொண்டாடின, மாநில ஆளுநர்கள் பரபரப்பானார்கள், கல்வித்துறையும் பிழைத்துக்கொண்டது.

எனக்கு இந்த வரலாற்றில் ஆர்வம் வந்தது அரசியலால் இல்லை, ஓர் எண்ணால். அறிக்கை அடுக்கிய சான்றுகளில் எல்லார் வாயிலும் நின்றது எஸ்.ஏ.டி. மதிப்பெண். 1963க்கும் 1980க்கும் இடையில் மொழிப் பகுதியின் சராசரி ஐம்பது புள்ளிகளுக்கு மேல் இறங்கிவிட்டது, கணிதத்தில் ஏறக்குறைய நாற்பது. கேட்டால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

ஆனால் எஸ்.ஏ.டி. எல்லா மாணவரும் எழுதுகிற தேர்வு இல்லை. பல்கலைக்கழகம் போக நினைக்கிறவர்கள் எழுதுவது. அதன் அளவுகோல் 1941இல் தேர்வெழுதிய பத்தாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. 1941இல் அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கனவோடு இருந்தவன் யார்? பெரும்பாலும் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பையன். பிறகு என்னென்னமோ நடந்தது. 1954இல் நிறப் பிரிவினைப் பள்ளிகள் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1964இல் சிவில் உரிமைகள் சட்டம் வந்தது. 1965இல் உயர்கல்விச் சட்டம் வந்து ஏழை மாணவர்களுக்கு அரசு உதவியும் கடனும் கிடைக்க ஆரம்பித்தது. வீட்டில் யாருமே கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைகள் பென்சிலோடு தேர்வு மண்டபத்துக்கு வந்தார்கள். சராசரி இறங்கியது.

இதைக் கண்டுபிடிக்க 1983வரை காத்திருக்கத் தேவையில்லை. முன்னாள் தொழிலாளர் அமைச்சர் வில்லர்ட் வர்ட்ஸ் தலைமையிலான குழு 1977லேயே சொல்லிவிட்டது: 1970வரையான சரிவில் பெரும்பகுதிக்குக் காரணம், தேர்வெழுத வருகிறவர்கள் மாறியதுதான். அதற்குப் பிந்தைய சரிவை இந்தக் காரணம் கொஞ்சம்தான் விளக்கும், மீதிக்குப் பள்ளிக்கூடம், வீடு, தொலைக்காட்சி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. நிதானமான பேச்சு. நிதானமான பேச்சு தலைப்புச் செய்தி ஆவதில்லை.

இங்கேதான் கதைக்குள் என் சாதிக்காரர்கள் நுழைகிறார்கள். பொறியாளர்களைச் சொல்கிறேன்.

நியூ மெக்சிகோவில் அல்புகர்க்கி நகரத்தில் சான்டியா தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸின் ஒரு பிரிவாகப் பிறந்து, அணு ஆயுதங்களின் அணு அல்லாத பாகங்களைச் செய்கிற இடமாக வளர்ந்தது. 1989இல் மூத்த புஷ் எல்லா ஆளுநர்களையும் சார்லட்ஸ்வில்லில் கூட்டிக் கல்வி மாநாடு நடத்தினார். 2000க்குள் அமெரிக்க மாணவர்கள் அறிவியலிலும் கணிதத்திலும் உலகத்தில் முதலிடம் என்று இலக்கு வைத்தார்கள். எரிசக்திச் செயலாளர் ஜேம்ஸ் வாட்கின்ஸ், முன்னாள் கடற்படைத் தளபதி, தன் பங்குக்குச் சான்டியாவிடம் கல்வி நிலவரத்தை ஆராயச் சொன்னார். கார்சன், ஹூல்ஸ்கம்ப், உட்டால் என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒரு பாகம் ஏன் பழுதாகிறது என்று பார்க்கிற அதே கண்ணோடு பள்ளிக்கூடப் புள்ளிவிவரத்தைப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்த முதல் காரியம் சராசரியை உடைத்ததுதான். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஓர் ஆண்டில் நூறு பேர் தேர்வெழுதுகிறார்கள். தொண்ணூறு பேர் வசதியானவர்கள், சராசரி 500. பத்துப் பேர் ஏழைகள், சராசரி 400. மொத்தச் சராசரி 490. பத்து வருஷம் கழித்து வசதியானவர்கள் ஐம்பது, ஏழைகள் ஐம்பது. முதல் கூட்டம் 510க்கு ஏறியிருக்கிறது, இரண்டாம் கூட்டம் 420க்கு. இரண்டு பேருமே முன்னேறியிருக்கிறார்கள், இல்லையா? மொத்தச் சராசரியைப் போட்டுப் பாருங்கள்: 465. இருபத்தைந்து புள்ளி நஷ்டம். புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். புதிதாக ஒரு கடினமான பொருளை லைனில் ஏற்றிய மாதம் மொத்தத் தேர்ச்சி விகிதம் விழும், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் பொருளும் முன்பைவிட நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் கண்ணில் படுவது மட்டும் அந்த ஒற்றைப் பெரிய எண்.

எஸ்.ஏ.டி.யிலும் அதுதான் நடந்திருந்தது. தனித்தனிக் குழுக்களாகப் பார்த்தால் மதிப்பெண் நிலையாக இருந்தது, அல்லது கொஞ்சம் ஏறியிருந்தது. பள்ளிச் செலவு கூடியும் பலன் இல்லை என்ற புகாரையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். கூடிய பணத்தில் பெரும்பங்கு சிறப்புக் கல்விக்குப் போயிருந்தது. 1975இல் சட்டம் வரும்வரை உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகள் பத்து லட்சம் பேர் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டால் செலவாகாமல் என்ன செய்யும்? ஒரு நாடு வாசலைத் திறந்துவிட்ட கணக்கு, வீழ்ச்சியின் கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சான்டியா வரைவு 1991இல் தயார். அதே ஆண்டு புஷ் ‘அமெரிக்கா 2000’ என்ற சீர்திருத்தத் திட்டத்தை அறிவித்திருந்தார். வீடு பற்றி எரிகிறது என்று அரசாங்கம் கூவிக்கொண்டிருக்கும்போது, எரியவில்லை, பின்கட்டில் ஓர் அறையில்தான் புகை என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? கேட்டு வாங்கிய வாட்கின்ஸே அதை வெளிப்படையாக மறுத்தார். அறிக்கை பல சுற்று மறுபரிசீலனைக்குப் போனது, நகல் பிரதிகளாகக் கைமாறியது. கடைசியில் 1993இல் ஒரு கல்வி ஆய்விதழ் அதை முழுமையாக அச்சிட்டது. திட்டமிட்டு அமுக்கினார்கள் என்று ஒரு கட்சி, தரமில்லாததால் தாமதம் என்று இன்னொரு கட்சி. லாரன்ஸ் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் சான்டியாக்காரர்கள் தங்களுக்குச் சாதகமான தரவைத் தேடிப் பொறுக்கியதாக எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘சரியவில்லை’ என்பது ‘போதுமானது’ ஆகிவிடாது.

ஆனால் இரண்டு கட்சியும் சேர்ந்து தவறவிட்டது ஒன்று உண்டு. சான்டியா அறிக்கை எல்லாம் நலம் என்று சொல்லவில்லை. நகர்ப்புறத்தில் படிக்கும் கறுப்பின, ஹிஸ்பானிய, குடியேறி வந்த பிள்ளைகளின் நிலைதான் உண்மையான நெருக்கடி, கவனமும் பணமும் அங்கே போகட்டும் என்றது. 1983 அறிக்கையிலும் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்: பதினேழு வயதினரில் 13 விழுக்காட்டினர் நடைமுறை எழுத்தறிவு இல்லாதவர்கள், சிறுபான்மை இளைஞரில் அது 40 வரை போகலாம் என்று ஒரு வரி. நாற்பது! அந்த வரியைத்தான் நாடு முழுக்கக் கூவியிருக்க வேண்டும். சண்டை எதைப் பற்றி நடந்தது என்றால், சராசரி விழுந்ததா விழவில்லையா என்று.

2002 ஜனவரியில் இளைய புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் இதை ஒருவகையில் சரிசெய்தது. சும்மா சொல்லக் கூடாது, எட்வர்ட் கென்னடி மாதிரி ஜனநாயகக் கட்சிக்காரர்களும் அதற்குத் தோள் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் தேர்வு, முடிவுகளை இனம், வறுமை, மொழி, உடற்குறை என்று பிரித்துக் காட்ட வேண்டும். சராசரியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பிள்ளைகள் முதல்முறையாகத் தாளில் தெரிந்தார்கள். சான்டியாவின் பாடத்தைச் சட்டமே படித்துவிட்டது மாதிரி.

ஆனால் கையில் பிரம்பு இருந்தது. ஒரு குழு இலக்கைத் தவறவிட்டாலும் பள்ளிக்கூடமே தோல்வி. வருஷக்கணக்கில் தோற்றால் நிர்வாகத்தைக் கலைக்கலாம். 2014க்குள் நூற்றுக்கு நூறு பேரும் தேற வேண்டும். நூறு விழுக்காடு என்று இலக்கு வைக்கிற எந்தத் தர மேலாளரையும் நான் பார்த்ததில்லை. தேர்ச்சி என்றால் என்ன என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்பதால் சில மாநிலங்கள் கோட்டைத் தாழ்வாகப் போட்டுக்கொண்டன. அப்படியும் 2011இல் நாட்டின் ஏறக்குறைய பாதிப் பள்ளிகள் தோல்விப் பட்டியலில். ஒபாமா அரசு விலக்கு கொடுக்க ஆரம்பித்தது, 2015இல் வேறு சட்டம் வந்தது. ஆண்டுத் தேர்வு மட்டும் தங்கிவிட்டது.

ஓர் எண்ணை வைத்து எவ்வளவுக்கெவ்வளவு தீர்ப்பு எழுதுகிறோமோ, அவ்வளவுக்கு அந்த எண் கெட்டுப்போகும் என்று டொனால்ட் கேம்பல் என்ற உளவியலாளர் 1970களிலேயே எச்சரித்திருந்தார். அதற்கு அட்லான்டா உதாரணமானது. பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கிற மாவட்டம். மதிப்பெண்கள் அதிசயமாக ஏறின. கண்காணிப்பாளர் பெவர்லி ஹால் 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்று விருது வாங்கினார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று இந்த ஏற்றம் கணக்குக்குப் பொருந்தவில்லை என்று எழுத ஆரம்பித்தது. விடைத்தாளை இயந்திரத்தில் ஓட்டி, தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை தீட்டப்பட்ட இடங்களை எண்ணினார்கள். 2011இல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் குற்றம் சாட்டியது. எண்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2015 ஏப்ரலில் பதினோரு பேர், மாஃபியா கும்பல்களுக்காக எழுதப்பட்ட வகைச் சட்டத்தின் கீழ், குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஹால் தீர்ப்புக்கு முந்தின மாதம் இறந்துபோனார்.

ஆசிரியர்களுக்கு வந்த தண்டனையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் அந்த அழிப்பான்களைப் பற்றி யோசிக்கிறேன். வாசிக்கத் தடுமாறிய ஒரு பிள்ளையின் விடைத்தாளில் யாரோ ஒருவர் சரியான வட்டங்களைத் தீட்டிவிட்டால், அந்தப் பிள்ளை தேறிவிட்டதாக ஆகிவிடும். தேறிய பிள்ளைக்கு மீட்பு வகுப்பு கிடையாது. அடுத்த வருஷ ஆசிரியர் கணினியைத் திறந்து பார்ப்பார். அதில் அந்தப் பெயருக்கு நேராக எந்தக் குறையும் இருக்காது.