ஊசி போட்டதும் செத்தவர்கள்

“ஆள் நடந்துதானய்யா ஆஸ்பத்திரிக்குள்ள போனவர். ஊசி போட்டாப் பிறகுதான் இப்பிடி.”

வன்னியில் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர் எவரும் இந்த வாக்குமூலத்தைக் கேளாமல் ஓய்வுபெற்றிருக்க மாட்டார். நான் ஒட்டுசுட்டான் பக்கம் கேட்டேன். எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவரும் கேட்டிருப்பார். சொல்கிறவர் பொய் சொல்வதில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். தொலைக்காட்சியில் வருகிற துப்பறியும் தொடர் என்றால் இந்த ஒரு வசனம் போதும், நாற்பது நிமிடத்தில் டொக்டரின் கையில் விலங்கு விழுந்துவிடும். அந்தத் தொடர்களை நானும் விரும்பிப் பார்க்கிறவன்தான். ஆனால் அங்கே குற்றவாளி எப்போதும் ஓர் ஆளாக இருக்கிறான். எங்கள் பக்கத்துச் சாவுகளில் அந்த ஆளைத் தேடப் போனால் கடைசியில் ஒரு றோட்டில்தான் போய் நிற்போம்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவு வெட்டுக் காலத்தில் வயலில் கடிப்பது பெரும்பாலும் புடையன். கால் வீங்கும், நோகும், முரசில் இரத்தம் கசியும். கடிபட்டவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எட்டடி விரியனின் சங்கதி வேறு. அது இரவில் வரும். மண் வீட்டில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கும். நோவும் இல்லை, வீக்கமும் இல்லை, பல் பட்ட அடையாளம்கூடச் சிலவேளை தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று எழும்புவார், பிறகு கண்மடல் சரியும். அந்த நேரத்தில் அவர் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போவார். இரண்டொரு மணித்தியாலத்தில் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். நரம்பு நுனிகளை நஞ்சு ஏற்கெனவே அழித்திருந்தால் எந்த ஊசியும் அவற்றைத் திருப்பித் தராது. நரம்பு தானாகத் தேறும்வரை, அது நாட்கணக்கிலும் ஆகலாம், மெசின் அவருக்காக மூச்சுவிட வேண்டும். அந்த மெசின் கிராமத்து ஆஸ்பத்திரியில் இல்லை.

ஊசியிலும் பழுதில்லாமல் இல்லை. நாங்கள் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியனாகிய புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் பொதுவானது. குதிரையின் குருதியிலிருந்து எடுப்பதால் ஒவ்வாமை சாதாரணம். நடுக்கம், தடிப்பு, சிலருக்கு இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்து. இலங்கையில் 1000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று, சிறிதளவு அட்ரினலினை முதலில் தோலுக்கடியில் ஏற்றினால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறையும் என்று 2011இல் காட்டியது. அதற்கு முந்திய காலங்களில் ஊசியோடு துடித்தவரைக் கட்டிலருகில் நின்று பார்த்த மகன் வேறு என்ன வாக்குமூலம் தருவான்?

பரியாரியின் வாசலில், வைத்தியம்தான் கொன்றது என்ற இந்தச் சந்தேகம் எழுந்ததில்லை. விஷகடி வைத்தியர் காசு வாங்க மாட்டார், வாங்கினால் வித்தை பலிக்காது என்பது நம்பிக்கை. வாங்காத காசுக்குக் கணக்குக் கேட்பார் யார்? அதைவிடக் கெட்டித்தனமான ஏற்பாடு ஒன்றும் இருந்தது. கடிபட்டவரைப் பார்க்குமுன்னரே, சேதி கொண்டு ஓடிவந்த தூதனைப் பரியாரி பார்ப்பார். அவன் எந்தத் திசையில் நிற்கிறான், வாயில் வந்த முதற்சொல் எது, மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்றெல்லாம் குறி பார்த்து, இது தப்பும், இது தப்பாது என்று சொல்லிவிடுவார். தப்பாது என்று சொன்னவர் செத்தால் பரியாரியின் வாக்குப் பலித்தது. தப்பும் என்று சொன்னவர் செத்தால் கொண்டுவரச் சுணங்கிவிட்டார்கள். இரண்டிலும் பரியாரிக்குச் சேதமில்லை. இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. பதறிய குடும்பத்தை அடக்கி உட்காரவைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அடித்துக் கொண்டுவந்த பாம்பை ஒரு பார்வையில் இனம் சொல்லவும் தெரிந்தவர்கள். கேடு செய்தது அங்கே கழிந்த மணித்தியாலங்கள்தான்.

அந்தக் காலத்தில் வேறு போக்கிடமும் இருக்கவில்லை. 1881இல் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி பறங்கி நோயைப் பற்றித் தனி அறிக்கையே எழுத வேண்டியிருந்தது. புண் பிடித்து ஊர் ஊராகச் சனத்தை முடக்கிய அந்த நோய் வன்னியைக் கடுமையாக வாட்டியது. வன்னியில் அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கையேட்டிலும் காய்ச்சலும் பறங்கியும் வருகின்றன. டொக்டரைக் காணாத ஊரில் டொக்டரில் சந்தேகம் எப்படி வரும்?

சாவை எழுதுகிற வழக்கம் மருந்துக்கு முந்தியே வந்துவிட்டது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் ஊர்ப்புறங்களில் மரண விசாரணை உடையார் போன்ற தலைமைக்காரரின் கையில் இருந்தது. இப்போதிருப்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன் 370ஆம் பிரிவு தற்கொலை, மிருகத்தால் சாவு, இயந்திரத்தால் சாவு, விபத்து, திடீர்ச் சாவு, காரணம் தெரியாத சாவு என்று அடுக்குகிறது. பாம்பு மிருகக் கணக்கில் வரும். சடலத்தைப் பார், சாட்சியைக் கேள், காரணத்தை எழுது, உறவினரிடம் ஒப்படை. எங்கள் வேலை அவ்வளவுதான். ‘விஷப்பாம்பு தீண்டியதால் மரணம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் கோவை மூடப்படும். அம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, மூச்சு மெசின் எத்தனை கட்டை தூரத்தில் இருந்தது என்று எழுதவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போனாலும் தேடுவது ஒரு கையைத்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைத்தவரைத் தண்டிக்கும். நட்டஈட்டு வழக்கென்றால் எல்லாரும் சொல்வது பேராசிரியர் பிரியானி சொய்சாவின் வழக்கு. 1992இல் கொழும்பில் ஒரு சிறுமி மூளைத்தண்டுக் கட்டியால் இறந்தாள். அதை வேறு நோயென்று கருதினார் என்பது நாட்டின் பெயர்பெற்ற குழந்தை மருத்துவரான சொய்சா மீது குற்றச்சாட்டு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாக்கியது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தாலும் அதனால்தான் குழந்தை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் தள்ளிவிட்டது. தகப்பன் சட்டம் தெரிந்தவர், இருந்தது கொழும்பில். முத்தையன்கட்டு விவசாயியின் மனைவி என்ன செய்வாள்?

போர்க்காலத்தில் பழியைப் பங்குபோட ஆளே மிஞ்சவில்லை. 1990க்குப் பிறகு எரிபொருளும் மருந்தும் தடைகளுக்குள் அளந்து வந்தன. மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள், சைக்கிள் கரியரில் கட்டிய நோயாளி. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக முன்னரங்கைத் தாண்ட வேண்டும், சோதனைச்சாவடி இரவில் திறக்காது. எட்டடி விரியன் கடிப்பதோ இரவில். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியே எறிகணைக்கு இலக்கானது. மருத்துவர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்றோர் முள்ளிவாய்க்கால் வரைக்கும் சனத்தோடு நகர்ந்து வேலை செய்தார்கள். மே மாதம் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். அந்தக் கடைசி மாதங்களில் செத்தவர்களுக்கு யார் வாக்குமூலம் எடுத்தது?

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வட மாகாணத்துக்கு 2018 ஜூலையில் வந்தது. முன்பு சுணக்கத்துக்குக் காட்டிய சாட்டுகளில் ஒன்று அன்றோடு குறைந்தது. சனம் கேள்வி கேட்கத் தொடங்கியதும் ஏறத்தாழ இதே காலம்தான். 2023 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்குச் சேர்ந்த 8 வயதுச் சிறுமியின் இடதுகை மணிக்கட்டோடு அகற்றப்பட்டபோது விசயம் நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூலையில் மன்னாரில் பிள்ளை பெற்ற இளம் தாய் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது ஊரே வாசலில் நின்றது. இது வரவேண்டிய கோபம்தான். ஆனால் பெயர் ஒன்று கிடைத்து, அந்தப் பெயரை இடமாற்றியதும் அது தணிந்துவிடுவதையும் பார்க்கிறேன்.

தாய்மார் சாவுக்கு மட்டும் இந்த நாட்டில் இன்னொரு முறை 1980களிலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு சாவையும் அறிவித்து, குடும்பநல உத்தியோகத்தரிலிருந்து பெரிய டொக்டர்வரை கூடியிருந்து ஆராய்வார்கள். யார் என்பது அங்கே கேள்வி அல்ல. வீட்டிலிருந்து வெளிக்கிடச் சுணங்கியதா, வழியில் சுணங்கியதா, வந்தபின் வார்ட்டில் சுணங்கியதா என்று பார்ப்பார்கள். பாம்புக்கடிச் சாவுக்கும் அப்படியொரு கூட்டம் வேண்டும் என்று நான் சொல்லாத இடமில்லை. அதுவரைக்கும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. என்னிடம் யோசனை கேட்டு வருகிற குடும்பங்களுக்கு டொக்டரின் பெயரைப் பிறகு பார்க்கலாம் என்கிறேன். ஆள் வந்து சேர்ந்த நேரம், முதல் பார்த்த நேரம், ஊசி போட்ட நேரம், பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிய நேரம், இந்த நான்கையும் முதலில் எழுத்தில் கேளுங்கள் என்று விண்ணப்பத்தையும் நானே எழுதிக் கொடுக்கிறேன்.