சென்னையில் அரசு நில அளவர்: ஊதியமும் வெளிவேலைத் தடையும்

சென்னையில் மக்கள் ‘சர்வேயர்’ என்று அழைக்கும் அரசு நில அளவர், தமிழ்நாடு அரசின் நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையைச் சேர்ந்தவர். மாநகராட்சி ஊழியர் என்று பலரும் எண்ணுவது தவறு. மயிலாப்பூர், மாம்பலம் போன்ற வட்டங்களில் பட்டா உட்பிரிவு, எல்லை அளந்து காட்டுதல், நகர நில அளவைப் பதிவேட்டைத் திருத்துதல் ஆகியவை இவர் வேலை.

2022இல் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நில அளவர், வரைவாளர் பணிகளில் 1,089 இடங்களை அறிவித்தபோது சம்பள விகிதம் ரூ. 19,500 முதல் 71,900 வரை. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. கோடிகளில் விலைபோகும் தி. நகர் மனைகளை அளப்பவருக்குத் தொடக்கத்தில் இது குறைவுதான்.

ஆனாலும் வெளியே அளந்து சம்பாதிக்க வழியில்லை. அரசு ஊழியரின் முழு நேரமும் அரசுக்கே உரியது என்கிறது அடிப்படை விதி 11. முன் அனுமதியின்றி வணிகமோ வேறு வேலையோ கூடாது என்கின்றன 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள். கடமை கெடாதவரை ஊதியமில்லாத சமூகத் தொண்டும், எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணியும் விலக்கு. ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கி மனை அளப்பது அந்த விலக்கில் வராது.

இந்தத் தடை மிகவும் தேவையானது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 40க்கு 60 மனை என்று வைத்துக்கொள்வோம். 60 அடி எல்லைக்கோடு ஓர் அடி தள்ளினால் 60 சதுர அடி கைமாறிவிடும். அடையாறில் அளவு நாளன்று காம்பவுண்டுச் சுவரடியில் சிமெண்டுக்குள் மறைந்த பழைய எல்லைக்கல்லைத் தேடுவதே பாதி வேலை. கல் கிடைத்ததும் அங்கிருந்து செயின் பிடித்து, வரைபட அளவோடு ஒப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அருகில் நின்று பார்ப்பார். ஒரு தரப்பிடம் முன்பே கூலி வாங்கியவர் வைக்கும் புள்ளியை அவர் எப்படி ஏற்பார்?

கட்டட வரைபடத்துக்காக அளக்கும் தனியார் அளவர்கள் வேறு. அவர்கள் கட்டணம் பேசி வாங்கலாம். அவர்கள் தரும் அளவு பட்டாவையோ பதிவேட்டையோ மாற்றாது. அரசு அளவைக்குரிய கட்டணம் அரசுக் கணக்கில் சேரவேண்டியது. அளவர் கையில் தனியே வாங்கினால் அது 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2018 திருத்தத்துக்குப் பின் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.