சுழலும் சக்கரங்களும் ஒரு 555 புத்தகமும்

போன வருடம் தீபாவளிக்கு மறுநாள் மாமா ஒரு 555 புத்தகத்தை என் கையில் திணித்தார். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான். உள்ளே தேதி, நேரம், போட்ட காசு, எத்தனை சுற்று, போனஸ் வந்ததா இல்லையா என்று பதினோரு மாதக் கணக்கு. எல்லாம் கைப்பேசியில் ஆடிய ஸ்லாட்.

"நீ இஞ்சினியர்தானே மருமவனே. இதுல ஒரு பேட்டர்ன் இருக்கு. விடியக்காலை மூணு மணிக்கு மேல நல்லா குடுக்குது. பாத்துச் சொல்லு" என்றார்.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் மாமா கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நம்மூரில் ஜேக்பாட் மெஷின் என்று சொல்கிறோமே, அதன் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது. சில பேர் உண்மையிலேயே பேட்டர்னைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் 'லிபர்ட்டி பெல்' என்ற மெஷினைச் செய்தார். மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பத்து இடங்கள். மொத்தம் ஆயிரம் சேர்க்கைகள். மூன்று மணிகள் வரிசையாக நின்றால் பெரிய பரிசு, ஐம்பது காசு. அதில் மறைக்க ஒன்றுமில்லை. பொறுமை இருந்தால் சக்கரத்தில் எந்தப் படம் எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தே வாய்ப்பைக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் ஓட்டுகிற மெஷினுக்கு ஒரு தாளம் உண்டு. அமெரிக்காவில் 1940களின் இறுதியில் சிலர் அந்தத் தாளத்தைப் பிடித்துவிட்டார்கள். சக்கரம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று கவனித்து, கைப்பிடியைச் சரியான நொடியில் இழுத்து ஜெயித்தார்கள். உற்பத்தியாளர்கள் உள்பாகங்களை மாற்றி அந்தத் தாளத்தைக் கலைத்தார்கள். ஆக, அந்தக் காலத்தில் பேட்டர்ன் இருந்தது. இரும்பில் இருந்தது.

கதை தலைகீழாக மாறியது 1984இல். இங்கே டெல்னஸ் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. அவர் தீர்க்க நினைத்த சிக்கல் எளிமையானது. ஒரு சக்கரத்தில் 22 இடங்கள் என்றால் மூன்று சக்கரத்துக்கு 10,648 சேர்க்கைகள்தான். போட்ட காசைப்போல பத்தாயிரம் மடங்குக்குமேல் பரிசு கொடுத்தால் கேசினோவுக்கு நட்டம். சக்கரத்தைப் பெரிதாக்கினால் ஆடுகிறவர்கள் சந்தேகப்பட்டு விலகிப்போவார்கள்.

டெல்னஸ் சக்கரத்தைத் தொடவே இல்லை. கணினியின் நினைவகத்துக்குள் இன்னொரு சக்கரத்தை வைத்தார். அதில் 64 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெஷின் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். ஜேக்பாட் படத்துக்கு ஒரே ஓர் எண்தான். அதன் பக்கத்தில் இருக்கிற வெற்றுக் கட்டத்துக்கு ஐந்தாறு எண்களை ஒதுக்கலாம். மூன்று சக்கரத்தில் மூன்று ஜேக்பாட் விழும் வாய்ப்பு 10,648இல் ஒன்றிலிருந்து 2,62,144இல் ஒன்றாகிவிடும். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு அதே 22 கட்டச் சக்கரம்தான். முடிவு பொத்தானை அழுத்தும்போதே தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சக்கரம் சுற்றுவது வெறும் காட்சி.

அந்த வெற்றுக் கட்டம்தான் என்னை உட்கார வைத்தது. அதற்கு நிறைய எண்கள் இருப்பதால் ஜேக்பாட் படம் அடிக்கடி கோட்டுக்கு மேலேயோ கீழேயோ வந்து நிற்கும். மாமாவின் புத்தகத்தில் பல வரிகளுக்குப் பக்கத்தில் "கிட்ட வந்துச்சு" என்று எழுதியிருந்தார். கிட்டே வரவே இல்லை மாமா. அப்படித் தெரியும்படி செய்வது இந்தத் தொழிலில் பழைய வித்தை. 1980களின் இறுதியில் ஒரு நிறுவனத்தின் மெஷின்கள், தோற்ற சுற்றுகளில் வேண்டுமென்றே 'கொஞ்சத்தில் தவறிய' படத்தைக் காட்டின. நெவாடா மாநில அதிகாரிகள் அதைத் தடுத்தார்கள். டெல்னஸின் முறையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சரி, அந்த எண்ணை மெஷின் எங்கிருந்து எடுக்கிறது? கணினிக்குச் சொந்தமாகத் தாயம் உருட்டத் தெரியாது. ஓர் எண்ணை எடுத்து, பெருக்கி, கூட்டி, வெட்டி அடுத்த எண்ணை உண்டாக்கும். அதிலிருந்து அடுத்தது. வெளியிலிருந்து பார்த்தால் தலையும் வாலும் புரியாது. ஆனால் சூத்திரமும் இப்போதைய நிலையும் தெரிந்தவருக்கு ஒவ்வொன்றும் முன்கூட்டியே தெரியும். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு அசைன்மென்டுக்கு நானே இப்படி ஒன்றை எழுதியிருக்கிறேன். பத்து வரிகூட இல்லை.

இதை முதலில் காசாக்கியவர்களில் ஒருவர், அதைத் தடுக்க வேண்டியவர். ரான் ஹாரிஸ் நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மெஷின்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். சோதிக்கப் போன இடத்திலேயே சில மெஷின்களுக்குள் தன் நிரலைப் புகுத்தினார். 1995இல் அட்லாண்டிக் சிட்டியில் கெனோ ஆட்டத்தின் எண்களை அவர் முன்கூட்டியே கணித்துக்கொடுக்க, கூட்டாளி ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். பணத்தை வாங்கப்போன இடத்தில் சந்தேகம் வந்து இருவரும் மாட்டினார்கள்.

அடுத்த கதை நமக்குப் பக்கத்தில் முடிகிறது. 2009இல் ரஷ்யா, சில வட்டாரங்களைத் தவிர நாடு முழுக்கச் சூதாட்டத்தைத் தடை செய்தது. மூடிய கேசினோக்களின் மெஷின்கள் மலிவாக விலைக்கு வந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கூட்டம் அவற்றைப் பிரித்து, சில பழைய மாடல்களின் சூத்திரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு உலகம் முழுக்க ஆட்களை அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர் இருபது சுற்றுகளுக்கு மேல் ஆடி, அதைக் கைப்பேசியில் ரகசியமாகப் படம் பிடித்து அனுப்புவார். அங்கே கணக்குப் போடுவார்கள். அடுத்த நல்ல எண் வருவதற்குக் கால் நொடி முன்னால் கைப்பேசி அதிரும். அவர் பொத்தானை அழுத்துவார். 2014இல் அமெரிக்காவின் மிசூரியில் கண்டுபிடித்தார்கள். 2016இல் இதே வித்தைக்காகச் சிங்கப்பூரில் சிலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள்.

ஆக மாமா, பேட்டர்ன் இருந்தது. ஆனால் அதைப் பிடிக்க அவர்களுக்கு மெஷின் கையில் வேண்டியிருந்தது, கணித வல்லுநர்கள் வேண்டியிருந்தார்கள், கால் நொடிக் கணக்கு வேண்டியிருந்தது. விடியற்காலை மூன்று மணி அதில் எங்கேயும் இல்லை.

கைப்பேசி ஸ்லாட்டில் இந்தக் கதவும் மூடிவிட்டது. எண்ணை உண்டாக்குவது எங்கோ இருக்கும் ஒரு சர்வர். உங்கள் கையில் இருப்பது படம் காட்டும் திரை. உரிமம் பெற்று நடக்கும் நாடுகளில் அந்த சர்வரின் எண்களைச் சோதிக்கச் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை யார் சோதித்தார்கள்? தாயம் ஒழுங்காக உருளுகிறதா என்று கேட்பதற்கு முன்னால், அங்கே தாயம் இருக்கிறதா என்றே கேட்க வேண்டும்.

நேர்மையான ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். 96 விழுக்காடு திருப்பித் தருகிறது. நூறு வெள்ளி போட்டால் 96 கையில் நிற்கும் என்று மாமா நினைத்திருந்தார். அந்தக் கணக்கு பையில் இருக்கும் பணத்துக்கு இல்லை, சுற்றில் போகும் பணத்துக்கு. சுற்றுக்கு ஒரு வெள்ளி, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 600 வெள்ளி உருளுகிறது. அதில் 4 விழுக்காடு 24 வெள்ளி. சராசரியாக நாலு மணி நேரத்தில் நூறில் 96 போய்விடும். ஒவ்வொரு சுற்றும் கணிக்க முடியாதது. பத்தாயிரம் சுற்றுகளின் முடிவைக் கணிக்க ஜோசியர் தேவையில்லை.

ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து புத்தகத்தை எக்செலில் ஏற்றினேன். மூன்று மணிக்கு மேல் போனஸ் அதிகம் வந்தது உண்மைதான். ஏனென்றால் மூன்று மணிக்கு மேல்தான் மாமா அதிகம் ஆடியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரம். சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் எல்லா நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் காசு போட்ட தேதிகளை வரைபடமாக்கியபோது ஒரு பேட்டர்ன் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி உயரமான ஒரு கம்பம். அடுத்த நாலைந்து நாளில் அது சரிந்துவிடுகிறது. இருபதாம் தேதி வாக்கில் மறுபடி ஒரு சின்னக் கம்பம். அத்தையின் வளையல் எப்போது அடகுக்குப் போனது என்று எனக்குத் தெரியும். அதுவும் அங்கே இருந்தது.

மடிக்கணினியைத் திருப்பி மாமாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏழாந்தேதி சம்பளம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத அத்தைகிட்ட காட்டாத."

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் 555 புத்தகம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.