வக்பு சபைக்கு ஆட்களைத் தெரிவு செய்வது யார், எப்படி?

பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு என்றால் நமது ஊர்களில் இரவிரவாகப் பேச்சு நடக்கும். யார் தலைவர், எந்த மஹல்லாவுக்கு எத்தனை இடம் என்று வாக்குவாதப்பட்டு சில வேளை பொலிஸ் வரைக்கும் போய்விடுவோம். ஆனால் அந்த நிர்வாகத்துக்கே நியமனம் வழங்குகின்ற வக்பு சபைக்கு உறுப்பினர்கள் எந்த வழியால் வருகிறார்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

அடிப்படை 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம். அதன்படி நியமனத்துக்கு மூன்று வாசல்கள் உள்ளன. பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களை வக்பு சபை நியமிக்கிறது. அவ்வாறு நியமிக்கும்போது அந்தப் பள்ளிவாசலில் வழங்கிவரும் நடைமுறையையும் யாப்பையும் கவனத்தில் எடுக்க வேண்டும். ஜமாஅத்தார் கூடித் தெரிவு செய்யும் வழக்கத்துக்குச் சட்டத்தில் மதிப்புக் கிடைப்பது இதனால்தான். 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்த வக்பு நியாய சபைக்கு நீதிச் சேவை ஆணைக்குழு நியமனம் செய்கிறது. அங்கே அரசியல்வாதியின் கை நேரடியாக நுழைவதில்லை. மூன்றாவது, வக்பு சபை. திணைக்களப் பணிப்பாளர் பதவி வழியாக அதில் அமர்கிறார். மற்ற உறுப்பினர்களை அமைச்சர் நியமிக்கிறார்.

சிக்கல் இந்த மூன்றாவது வாசலில்தான். உறுப்பினர்கள் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். அதற்கப்பால், பத்திரிகையில் விண்ணப்பம் கோர வேண்டும், நேர்முகப் பரீட்சை வைக்க வேண்டும், தெரிவுக்கான காரணத்தை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அமைச்சருக்கு இல்லை. எனவே ஆட்சி மாறும்போது சபையும் மாறுவது நமக்குப் பழகிவிட்டது. நல்லவர்களும் துறை தெரிந்தவர்களும் வந்திருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் வந்தது யாரோ ஒருவருக்கு அவர்களைத் தெரிந்திருந்ததால். பெண்களின் பெயர்கள் அரிதாகவே தென்படுவதற்கும் இதில் பங்குண்டு. ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக்கூட முன்னறிவித்தல் கொடுத்து, கூட்டம் கூட்டி, முன்மொழிந்து வழிமொழிந்துதான் செயற்குழுவைத் தெரிவு செய்கிறோம்.

2019 நவம்பர் வரை முஸ்லிம் சமய விவகாரத்தைத் தன் பெயரிலேயே கொண்ட ஓர் அமைச்சு இருந்தது. அதன்பின் திணைக்களம் புத்தசாசன, சமய விவகார அமைச்சின் கீழ் சென்றது. சட்டத்திலுள்ள ‘அமைச்சர்’ என்ற சொல் மாறவில்லை. அந்த நாற்காலியில் இருப்பவர் மாறிவிட்டார்.

தெரிவு முறை இல்லாத நியமனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிழக்கு மாகாணம் உதாரணம். 2020 ஜூன் மாதம் அம்மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் பெயரிடப்பட்ட பதினொரு பேரில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. மாகாணத்தின் பெரும்பான்மையினர் தமிழ் பேசுகிறவர்கள். பொத்துவில் மக்களின் காணிப் பிரச்சினைகளை அறிந்த எவரும் அந்தப் பட்டியலைச் சாதாரணமாக வாசித்திருக்க முடியாது.

இந்தியாவில் வேறொரு மாற்றம் நடந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில வக்பு வாரியங்களில் முஸ்லிம் எம்.பி.க்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், முத்தவல்லிகள் போன்றோர் தத்தமது பிரிவிலிருந்து தேர்தல் மூலம் ஆட்களை அனுப்பினார்கள். 2025 திருத்தம் தேர்தலை நீக்கி, எல்லோரையும் மாநில அரசே நியமிக்கச் செய்தது. முஸ்லிம் அல்லாதோரையும் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 22 பேர் கொண்ட மத்திய கவுன்சிலில் அவர்கள் 4 பேருக்கும், 11 பேர் கொண்ட மாநில வாரியத்தில் 3 பேருக்கும் மேற்படக் கூடாது என்றது. முஸ்லிம் அல்லாதோர் எத்தனை பேர் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். தேர்தல் போனதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

பிரித்தானியாவிலும் கடைசிக் கையெழுத்து அரசியல்வாதியுடையதே. 1980இல் உருவான தேசிய மரபுரிமை நினைவு நிதியத்தின் நம்பிக்கையாளர்களைப் பிரதமர் நியமிக்கிறார். ஆனால் அந்நாட்டின் பொது நியமனக் கோவைப்படி வெற்றிடம் பகிரங்கமாக விளம்பரமாகும். சுயாதீன உறுப்பினரும் அமர்ந்த குழு விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தகுதியானவர்கள் யாரென அமைச்சருக்குச் சொல்லும். ஒருவர் பொதுவாக இரண்டு தவணைக்கு மேலோ பத்து வருடத்துக்கு மேலோ இருப்பதில்லை. இதையெல்லாம் ஆணையாளர் ஒருவர் கண்காணிக்கிறார். அமைச்சர் தனக்கு வேண்டியவரைப் போடுவது அங்கும் நடக்கிறது, ஆனால் நடந்தால் ஊருக்குத் தெரியவருகிறது.

நமது சட்டம் திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. விளம்பரம் செய்யும்படி சட்டம் கேட்காவிட்டாலும், செய்யக் கூடாது என்றும் அது தடுக்கவில்லை. அடுத்த சபைக்கு அமைச்சர் சுற்றறிக்கை ஒன்றினாலேயே விண்ணப்பம் கோரலாம். ஜமாஅத்துகளும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்துக்கு எழுதலாம்: பெயர்களைப் பரிந்துரைத்தது யார், என்ன தகைமை பார்க்கப்பட்டது, சபை எத்தனை முறை கூடியது. தகவல் அலுவலர் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.