முத்துக்குளித்த கரையில் ஒரு பழைய டிரையத்லான்

டிரையத்லான் என்றொரு போட்டி இருக்கிறது. முதலில் நீச்சல். கரையேறியவுடன் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கியவுடன் ஓட்டம். நடுவில் ஓய்வு கிடையாது, உடை மாற்றும் நேரம்கூட கணக்கில் சேரும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இருந்து இதுவும் ஓர் ஒலிம்பிக் விளையாட்டு.

இந்த வகையில் மிகவும் பேசப்படுவது அயர்ன்மேன். 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓஹூவில் அது முதன்முதலாக நடந்தது. நீச்சல்காரருக்கு உடல் வலு அதிகமா, ஓட்டக்காரருக்கு அதிகமா என்ற வாக்குவாதத்தில் பிறந்த போட்டி அது! ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, அந்தத் தீவில் தனித்தனியாக இருந்த மூன்று போட்டிகளை ஒரே நாளில் சேர்த்துவிட்டார். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, கூட வந்தவர்கள் பீர் கொடுத்துச் சமாளித்தார்களாம். 1981இல் போட்டி கோனா என்ற ஊருக்கு மாறியது. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைக்கு நடுவே சாலை, தலைக்கு மேல் வெயில், சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று. இந்த அவஸ்தைக்கு உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் பணம் கட்டி வருகிறார்கள்.

கடல், வெயில், காற்று. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். இங்கே உப்பு விளைவதே வெயிலாலும் காற்றாலும்தான். ஜூன் மாதம் தொடங்கினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். இந்தக் கரையிலும் மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு கடுமையான நாள் இருந்தது. அதற்குப் பெயர் முத்துக்குளிப்பு. அதில் யாரும் பணம் கட்டிச் சேரவில்லை.

தொடக்கமே வேறு மாதிரி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிக வழிகாட்டி நூல், பாண்டிய நாட்டு கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்கிறது. அங்கே கடலில் மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அந்த நூல். இன்று விளையாட்டு வீரர்கள் விரும்பிச் செய்யும் காரியம் அன்று சிறைத் தண்டனைக்குச் சமமாக இருந்திருக்கிறது! பிற்காலத்தில் அது பரதவர்களின் தொழிலானது. கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் மூழ்கினார்கள். 1530களில் போர்த்துக்கீசியர் வந்ததும், 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும், பிறகு ஆங்கிலேயர் வந்ததும் பெரிய அளவில் இந்த முத்துக்காகத்தான். கரைக்கு அதிகாரி மாறினார், கடலுக்குள் இறங்கியவர்கள் அவர்களேதான்.

அந்த ஒரு நாள் எப்படி இருந்தது?

முதல் கட்டம், பாய்மரப் பயணம். முத்துச் சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றில் பெயர் பெற்றது. பார்கள் கரையில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் தோணிகள் இரவிலேயே கிளம்பும். இரவில் தரையில் இருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் என்ஜின். விடியும்போது பாருக்கு மேலே நிற்க வேண்டும்.

இரண்டாம் கட்டம், மூழ்குவது. பத்து குளிகாரர்கள் உள்ள தோணியில் ஐந்து கல் இருக்கும். ஐந்து பேர் இறங்கும்போது மற்ற ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு, கல்லின் எடையோடு பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கோ அதற்கும் கீழேயோ போய்விடுவார்கள். அடியில் கல்லை விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை ஓர் இழு. மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். எல்லாம் ஒரு நிமிடம், கூடிப் போனால் ஒன்றரை நிமிடம். பழைய பயணக் குறிப்புகள் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை மூழ்கியதாகச் சொல்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு காலைப் பொழுதில் முக்கால் மணி நேரம் மூச்சில்லாமல்! காதிலும் மூக்கிலும் ரத்தம் வருவது சாதாரணம். சுறா பயமும் உண்டு. அதற்காகவே மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன 'கடல்கட்டி'கள் இருந்தார்கள், அவர்களுக்கும் ஒரு பங்கு போனது.

மூன்றாம் கட்டம், திரும்புவது. நண்பகல் அளவில் வேலை நிறுத்தப்படும். அதற்குள் காற்று திசை மாறி, கடலில் இருந்து தரையை நோக்கி வீச ஆரம்பிக்கும். அந்தக் காற்றில் பாய் விரித்துக் கரைக்கு வருவார்கள். கரையில் சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலத்துக்குப் போகும். சிப்பிக்குள் முத்து இருக்கிறதா இல்லையா என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஏலம் எடுத்தவருக்கு நஷ்டம் வந்தால் பணம் போகும். குளிகாரருக்கு நஷ்டம் வந்தால் உயிர் போகும்.

காற்று இரவில் ஒரு பக்கமும் பகலில் எதிர்ப்பக்கமும் ஒழுங்காக வீசினால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். வருடம் முழுவதும் அப்படி வீசாது. வடகிழக்குப் பருவமழை முடிந்து கடல் அடங்க வேண்டும், தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்கக் கூடாது. தண்ணீர் கலங்காமல் அடி தெரிய வேண்டும். இவை எல்லாம் கூடி வருவது மார்ச், ஏப்ரல் மாதங்களில், மிஞ்சினால் மே மாதத்தின் முதல் பாதி வரை. வெயில் கொளுத்துகிற அதே மாதங்கள்தான், ஆனால் கடல் வழி விடுவது அப்போதுதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோவும் ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக் குளித்ததாகவே எழுதியிருக்கிறார்.

இனி இதே மன்னார் வளைகுடாவின் வடக்கு முனைக்குப் போவோம். அங்கே தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே கடல் குறுகுகிறது, சுமார் 30 கி.மீ. தூரம்தான். அதற்கு அப்பால் பாக் நீரிணை. இந்தக் கடலை நீந்திக் கடந்தவர்களின் தேதிகளைப் பாருங்கள்.

1954 மார்ச்சில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையில் இருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம் நீந்தி, பாக் நீரிணையை முதலில் கடந்தவர் ஆனார். 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் மிஹிர் சென் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடி அது. அந்த இடிபாடுகளின் கரையில்தான் அவர் ஏறினார். 2019 மார்ச் 28இல் தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பத்தரை மணி நேரத்தில் கடந்தான். 2021இலும் 2022இலும் நடந்த பெயர் பெற்ற நீச்சல்களும் மார்ச்சில்தான். எல்லாருமே இந்த மாதங்களில்தான் நீந்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கணிசமானவர்கள் இறங்கியது, முத்துத் தோணிகள் கிளம்பிய அதே பருவத்தில். செயற்கைக்கோளும் வானிலை அறிக்கையும் கைக்கு வந்த பிறகும் கடல் தன் காலண்டரை மாற்றிக்கொள்ளவில்லை!

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வழக்கறிஞர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கேயிருந்து திரும்பவும் நீந்திப் போனார், மொத்தம் 51 மணி நேரம். தன் கடலில் இரண்டு நாள் தாக்குப்பிடித்த அவர், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயின் குளிர்ந்த நீரில் நீந்தும்போது உயிரிழந்தார். பழகிய கடலும் பழகாத கடலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் வேண்டாம்.

நீரிணை நீச்சலுக்கு ஒரு விதி உண்டு. கூடவே படகு வரும், சாப்பாடும் தண்ணீரும் தருவார்கள். ஆனால் நீந்துபவர் படகைத் தொடக் கூடாது, தொட்டால் போட்டி முடிந்தது. முத்துக்குளிப்பில் நேர் எதிர். கயிறு கையை விட்டுப் போனால் ஆள் முடிந்தார். அதனால்தான் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்கக் கூடாது என்று நினைப்பவன் கயிற்றை விட மாட்டான் அல்லவா?

விதிகள் வேறாக இருந்தாலும் ஒன்று பொதுவானது. தனியாள் சாகசம் என்று நாம் கைதட்டும் எதிலும் தனியாள் கிடையாது. மிஹிர் சென்னுக்குப் பின்னால் இந்தியக் கடற்படையின் இரண்டு கப்பல்கள் வந்தன. டன்பாருக்குப் பின்னால் பீர் பாட்டிலோடு நண்பர்கள் வந்தார்கள். குளிகாரருக்குப் பின்னால் மைத்துனர்.

பின்னால் யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1994இல், 12 வயதில், தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணை உட்பட ஆறு நீரிணைகளை நீந்தி, ஒரே ஆண்டில் ஐந்து என்று மிஹிர் சென் 1966இல் வைத்த சாதனையைத் தாண்டினார். 1998இல் அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஆனாலும் செலவுக்கு ஸ்பான்சர் கிடைக்காமல் அவர் நீச்சலை விட்டுப் படிப்புக்குப் போனார். கயிறு பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீந்தியவர்களுக்காவது பெயர் இருக்கிறது, மணி நிமிடக் கணக்கு இருக்கிறது. குளித்தவர்களுக்கு? 1905இல் இலங்கைப் பக்கத்தில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்று கணக்கு இருக்கிறது. சிப்பியை எண்ணியவர்கள் அதை எடுத்தவரின் பெயரோடு ஒரு சாதனைப் பட்டியல் போடவில்லை. அதிக நேரம் மூச்சடக்கியவர் யார், அதிக ஆழம் போனவர் யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் 'மூன்றில் ஒரு பங்கு'. அவ்வளவே.

தூத்துக்குடியில் 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. 1974இல் பெரிய துறைமுகம் வந்தது. பிறகும் சங்கு குளிக்கக் கடலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கல்லுக்குப் பதில் இப்போது கம்ப்ரஸர் குழாய். குழாயில் காற்று நின்றால் கதை முடிந்தது என்பதால், மேலே படகில் ஒருவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த முறை தனுஷ்கோடியில் யாராவது கரையேறி மாலை வாங்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தால், தேதியைக் கவனியுங்கள். மார்ச் அல்லது ஏப்ரலாக இருந்தால், அந்த நாளை நல்ல நாள் என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் பெயர் தெரியாத குளிகாரர்கள்.