தீக்கல் கைத்துப்பாக்கிப் பொறி இறுக்கம்

தீக்கல் கைத்துப்பாக்கிப் பொறி இறுக்கம் என்பது, சக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழங்காலக் கைத்துப்பாக்கியின் இயங்கு உறுப்புகள் துரு, உலர்ந்த எண்ணெய், மரவீக்கம், முறிவு முதலிய காரணங்களால் அசையாது நின்றுவிடுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் பிளிண்ட்லாக் எனப்படும் இப்பொறி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் முழுவடிவம் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெடிமூடிப் பொறி பரவும் வரை பெரும்பாலான படைகளில் இதுவே வழங்கியது. (தமிழில் பொறி என்ற சொல் இயந்திரத்தையும் நெருப்புத் துளியையும் ஒருங்கே குறிக்கும். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் பின்னது தீப்பொறி என்றே எழுதப்படுகிறது.)

கொங்கு நாட்டில்

கொங்கு நாடு 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. திப்பு சுல்தான் காலத்தில் சீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் ஐரோப்பிய முறையைத் தழுவிய தீக்கல் துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. புலிவரி அழகுவேலை இவற்றின் அடையாளம். இணையாகச் செய்யப்பட்ட சில கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்குப் பொறி வலப்புறத்திலும் மற்றதற்கு இடப்புறத்திலும் அமைந்திருக்கும். இடப்புறப் பொறியின் உறுப்புகள் கண்ணாடியில் தெரியும் உருவம் போலத் திரும்பியவை. ஆகவே அவற்றுள் ஒன்று முறிந்தால், வழக்கமான ஐரோப்பியப் பொறியிலிருந்து மாற்று எடுத்துப் பொருத்த இயலாது.

1791இல் கோயம்புத்தூர்க் கோட்டை முற்றுகை, 1800 சூன் 3இல் கோவையில் நடந்த கிளர்ச்சி, 1805 சூலை 31இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் போர்கள் ஆகியவை யாவும் திரித் துப்பாக்கியும் தீக்கல் துப்பாக்கியும் அருகருகே வழங்கிய காலத்தவை. பாளையக்காரர் படைகளில் திரித் துப்பாக்கியே மிகுதி; கும்பினிப் படையினர் தீக்கல் துப்பாக்கி ஏந்தினர். திரித் துப்பாக்கியில் வலிய வில் ஏதும் இல்லை, உறுப்புகளும் சில. ஆதலால் அது இறுகுவதும் குறைவு, இறுகினால் விடுவிப்பதும் எளிது. தீக்கல் பொறியோ விரைவையும் வசதியையும் தந்ததற்கு ஈடாக நுணுக்கமான பழுதுகளையும் உடன் கொண்டுவந்தது.

அமைப்பு

பொறித்தகட்டின் வெளிப்புறத்தில் குதிரை, உரசு எஃகு, கிண்ணி ஆகியவை உள்ளன. குதிரையின் தாடைகளுக்கு நடுவே தோல் அல்லது ஈயத் தகட்டில் பொதிந்த கல் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். தகட்டின் உட்புறத்தில் குதிரையின் அச்சோடு சேர்ந்த உருளி ஒன்று உண்டு. அதில் இரண்டு வெட்டுகள் இருக்கும். கொளுவி முதல் வெட்டில் விழுந்தால் அரைநிலை, அதாவது காப்பு நிலை. இரண்டாவதில் விழுந்தால் சுடுவதற்கு ஏற்ற முழுநிலை. விசையை இழுக்கும்போது கொளுவி விலக, மடிந்த தகடு போன்ற முதன்மை வில் குதிரையை முன்னே தள்ளும். கல் எஃகை உரச, எஃகு பின்சாய்ந்து கிண்ணி திறக்க, தீப்பொறி கிண்ணி மருந்தில் விழுந்து பற்றுவாய் வழியே குழலுக்குள் செல்லும்.

முதற் சோதனை

இறுகிய பொறியைத் தொடுமுன் அறியவேண்டியது, குழலில் மருந்து கெட்டிக்கப்பட்டுள்ளதா என்பதே. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து ஈரம் படாதிருந்தால் நூற்றாண்டுகள் கடந்தும் தீப்பற்றும் தன்மையை இழப்பதில்லை. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டு ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து உயிரிழந்தார். அக்குண்டு ஏறத்தாழ 140 ஆண்டுகள் பழமையானது.

சோதனை எளியது. முதலில் குதிரையின் தாடைத் திருகாணியைத் தளர்த்திக் கல்லை எடுத்துவிட வேண்டும். கல் இல்லையேல் தீப்பொறி இல்லை. பின்னர் துப்பாக்கி வாய்க்கு நேரே முகமோ கையோ வராதபடி, மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலின் அடிவரை செலுத்தி, வாயின் விளிம்பில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கோல் பற்றுவாய் வரை எட்டினால் குழல் வெறுமையானது. ஒரு விரற்கடை அல்லது அதற்கு மேல் குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கக்கூடும். அந்நிலையில் வேலையை அங்கேயே நிறுத்திக் காவல்துறைக்கு அறிவிப்பது தவிர வேறு வழி தேடலாகாது.

இறுக்கத்தின் வகைகள்

குதிரை சிறிதும் அசையாமை, அசைந்தும் நிலைகொள்ளாமை, தளர்ந்து தொங்குதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு பழுதுகள். தொங்கும் குதிரை பெரும்பாலும் முதன்மை வில் முறிந்ததைக் காட்டும். நிலைகொள்ளாத குதிரைக்குக் காரணம் தேய்ந்த வெட்டு, முனை உடைந்த கொளுவி, அல்லது வெட்டில் அடைந்த அழுக்கு. அரைநிலையில் நில்லாத துப்பாக்கி இடர் மிக்கது.

அசையாத குதிரைக்குத் துருவே காரணம் எனப் பலரும் கொள்வர். ஆனால் பொறியை மரக்கட்டையோடு பிணைக்கும் பக்கத் திருகாணிகளை அளவுமீறி முடுக்கினால், உள் உறுப்புகள் மரத்தோடு அழுந்திக் கொளுவி நகரமாட்டாது. மழைக்காலத்தில் மரம் ஈரமேறிப் பருத்தாலும் இதே விளைவு. திருகாணிகளை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் விசை உயிர் பெற்றால் பழுது மரத்தில்தான் உள்ளது, இரும்பில் இல்லை. செலவற்ற இச்சோதனையை முதலில் செய்யாமல் பொறியைப் பிரிப்பது வீண் வேலை.

அடுத்தது எண்ணெய். வீட்டில் கைக்கெட்டிய தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ பூசுவது பொதுவழக்கம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும்; மார்கழி விடியலில் கோவையின் வெப்பநிலை அதற்கும் கீழே இறங்குகிறது. நண்பகலில் இயங்கிய பொறி காலையில் இயங்காமைக்கு இதுவே காரணமாகலாம். நல்லெண்ணெய் நாட்பட நாட்படப் பிசின் போல் இறுகும். ஆயுத பூசையன்று நீர் தெளித்துச் சந்தனம் இடும்போது பொறித்தகட்டின் இடுக்கில் இறங்கும் ஈரமும் துருவுக்கு வழிவகுக்கும். குங்குமத்தைக் குழலின் மேல் வைத்து, பொறியின் மேல் வைக்காதிருந்தால் வழக்கமும் குறையாது, பொறியும் கெடாது.

கிண்ணி மூடாமை வேறொரு வகை. அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள கல் அரைநிலையிலேயே எஃகைத் தொட்டு நிற்கும். இது பழுதன்று, பொருத்தக் குறைவு.

விடுவித்தல்

குதிரையை வலிந்து இழுப்பதே பழம்பொறிகள் முறிவதற்குத் தலையாய காரணம். அக்கால எஃகில் கசடு கலந்திருப்பதுண்டு. வில் முறிந்தால் ஒட்டவைக்க இயலாது. ஊடுருவும் எண்ணெயைத் துளித்துளியாக அச்சுகளில் இட்டு நாட்கணக்கில் காத்திருப்பதே முறை. திருகாணித் தலையின் பிளவுக்குச் சரியாகப் பொருந்துமாறு திருப்புளியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பொறியை வெளியே எடுக்கும்போது நெம்பக்கூடாது. பக்கத் திருகாணிகளைச் சில சுற்றுகள் தளர்த்தி, அவற்றின் தலையில் மெல்லத் தட்டினால் தகடு சீராக வெளிவரும். முதன்மை வில்லை அதற்குரிய இடுக்கியால் அமுக்கியே கழற்ற வேண்டும். குறடால் பிடித்து இழுத்தால் வில் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

சூடேற்றுதல் இருவகையில் தீது: மருந்து எஞ்சியிருந்தால் வெடிக்கும், இல்லையெனினும் வில்லின் பதம் போய்விடும். குத்துவிளக்கைத் துலக்கும் புளியையும் எலுமிச்சையையும் பித்தளை அணிகளின் மேல் இடுவதும் தவிர்க்கத்தக்கது. அமிலம் உள்ளே கசிந்து எஃகை அரிக்கும். மணல்தாளால் தேய்த்தால் துருவோடு பட்டறை முத்திரையும் எழுத்துகளும் போய்விடும். பொருளின் வரலாறு அவற்றில்தான் உள்ளது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் நிறுவப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் போன்றவற்றின் கருத்தைக் கேட்ட பின்னரே பெரிய மாற்றங்களில் இறங்குவது நன்று.

சட்ட நிலை

இந்திய ஆயுதச் சட்டம் 1959இன் 45ஆம் பிரிவு, பழைமையான படைக்கலனுக்கு விலக்கு அளிக்கிறது. எனினும் செப்பனிட்டாலும் செப்பனிடாவிட்டாலும் சுடப் பயன்படாததாக அது இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. பொறி இறுகியதனால் மட்டும் சுடாத கைத்துப்பாக்கி, செப்பனிடத்தக்கது ஆதலால், இவ்விலக்கினுள் தானாக அடங்குவதில்லை. வணிகமாகச் செப்பனிடுபவருக்கும் உரிமம் வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகலன்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மரபுரிமையாக வந்தவையும் இவ்வெண்ணிக்கையில் சேரும். நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.