கதரின் டன்ஹமின் அரங்கில் வரலாறு

ஆடற்கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆடலின் வடிவத்தையே நோக்குவர். அவ்வடிவம் எம்மக்களது அனுபவத்திலிருந்து பிறந்தது என்ற வினா பின்தள்ளப்பட்டுவிடும். அவ்வினாவையே தமது கலைவாழ்வின் மையமாகக் கொண்டவர் கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர் கதரின் டன்ஹம் (1909–2006). ஆடலும் பாடலும் வரலாறும் அவரது அரங்கில் இணைந்தமை அலங்காரத்தின் பொருட்டன்று என்பதையும், அவ்விணைப்புக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும் இங்கு நோக்குவோம்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்ற டன்ஹம், 1935இல் புலமைப்பரிசில் பெற்றுக் கரிபியன் தீவுகளுக்குக் கள ஆய்வுக்காகச் சென்றார். ஜமெய்க்கா, மாட்டினிக், டிரினிடாட், ஹெயிட்டி ஆகிய இடங்களில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் பேணிவந்த ஆடல்களையும் சடங்குகளையும் அவர்களுடன் வாழ்ந்து பயின்றார். பெருந்தோட்ட அடிமை முறை அம்மக்களின் மொழியையும் உறவுகளையும் சிதைத்தது. ஆயினும் ஆடலிலும் பாடலிலும் தங்கிய நினைவை அதனால் முற்றாக அழிக்க முடியவில்லை. மாட்டினிக் தீவின் போராடலொன்றை அடிப்படையாகக் கொண்ட அவரது 'லாக்யா', 1938இல் சிக்காகோவில் மேடையேறியது.

பின்னர் வணிக அரங்கும் ஹொலிவூட் திரைப்படமும் அவருக்குப் பெரும் புகழை அளித்தன. மக்களின் சடங்குகளைக் கேளிக்கைப் பொருளாக்கினார் என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. அக்குற்றச்சாட்டை முற்றாகப் புறக்கணித்தல் பொருந்தாது. எனினும் 1951இல் சிலி நாட்டின் சந்தியாகோ நகரில் அரங்கேறிய 'சவுத்லாண்ட்' என்னும் ஆக்கத்தைக் கருத்திற் கொள்ளாது அவரை மதிப்பிடுதல் இயலாது.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கும்பல்களாற் கொல்லப்பட்டமையே அதன் பொருள். வெள்ளையினப் பெண்ணொருத்தி சுமத்தும் பொய்ப்பழியால் கறுப்பினத் தொழிலாளி ஒருவன் கொல்லப்பட்டு மரத்தில் தூக்கப்படுகிறான். மேடையில் நிற்கும் பாடகர் குழு அனைத்துக்கும் சாட்சியாகிறது. இறுதியில் சவ ஊர்வலம் களியாட்ட விடுதியொன்றினூடே செல்ல, அங்குள்ளோர் உறைந்து நிற்கின்றனர். உடல் காட்டும் கொடுமையைப் பாடல் கூட்டுத் துயரமாக மாற்றுகிறது. தனியொருவனின் மரணம் ஓரினத்தின் வரலாறாகிறது.

கெடுபிடிப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு இதனை விரும்பவில்லை. அரங்கேற்றத்தைத் தவிர்க்குமாறு நெருக்குதல் எழுந்தது. 1953இல் டன்ஹம் அதனைப் பாரிசில் மீண்டும் மேடையேற்றினார். 1954 முதல் ஏனைய நடனக் குழுக்களை அரசு தன் செலவில் வெளிநாடுகளுக்கு அனுப்பியபோது, உலகெங்கும் அறியப்பட்டிருந்த அவரது குழுவுக்கு அவ்வாதரவு கிட்டவில்லை.

அவர் ஒதுங்கிவிடவில்லை. 1960களில் கிழக்கு சென் லூயிஸ் நகரின் வறிய கறுப்பின இளைஞரிடையே கலைப்பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். 1992இல், தமது 82ஆவது வயதில், ஹெயிட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பியனுப்பியதை எதிர்த்து 47 நாள்கள் உண்ணாவிரதமிருந்தார். தமக்கு ஆடல் கற்பித்த மக்களுக்குத் தாம் பட்ட கடனை அவர் மறக்கவில்லை. அவர்களது சடங்குகளைக் கேளிக்கையாக்கினார் என்ற குற்றச்சாட்டை எடைபோடுகையில், இவ்வுண்மையையும் நாம் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.